தடம் மாறும் வாக்கியங்கள்: தவறென்றால் திருத்துவது, தேவையென்றால் ஆள்வது

ஒரு வாக்கியம் ஓர் இலக்கண அமைப்பில் தொடங்கி, அதை முடிக்காமலே வேறோர் அமைப்புக்குத் தாவி முடிந்துவிடுவதுண்டு. "இந்தப் பயிற்சி, இதில் சேர்ந்த எல்லோருக்கும் மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் கிடைத்துவிடும்" என்னும் தொடரைப் பாருங்கள். 'இந்தப் பயிற்சி' என்று ஓர் எழுவாய் வருகிறது. அது என்ன செய்தது, எத்தகையது என்று சொல்லும் பயனிலை கடைசிவரை வரவில்லை. முற்றாக வந்த 'கிடைத்துவிடும்' என்பதோ 'சான்றிதழ்' என்னும் வேறொரு சொல்லுக்கு உரியது. முதலில் வந்த எழுவாய் வாசலிலேயே நின்றுவிட, வேறொருவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மேலை அணியிலக்கணத்தில் இதற்கு அனகொலூதன் என்று பெயர். அது ஒரு கிரேக்கச் சொல். 'தொடர்ந்து வராதது' என்பது அதன் பொருள். தமிழில் இதைத் தடம் மாறிய வாக்கியம் என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியதில் நான் கண்டது, இத்தகைய வாக்கியங்களில் பெரும்பாலானவை எழுதியவர் அறியாமலே நேர்ந்தவை என்பதுதான். ஆனால் அரிதாகச் சில, எழுதியவரின் உள்ளம் அந்த இடத்தில் உடைந்ததால் உடைந்தவை. முன்னதைத் திருத்தாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. பின்னதைத் திருத்திவிடுவது எழுதியவருக்குச் செய்யும் அநீதி. இரண்டையும் பிரித்தறிவதற்கு நம் இலக்கண மரபிலேயே ஓர் உரைகல் இருக்கிறது.

வழுவும் வழுவமைதியும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், திணை, பால், இடம், பொழுது, வினா, இறை (விடை), மரபு ஆகிய ஏழும் மயங்கினால் வழு, அதாவது பிழை, என்று வரையறுக்கிறது. அதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே" என்று உடனே ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. பசு ஒன்றைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் சொன்னால் அஃறிணை உயர்திணையாகிவிடுகிறது; ஆனால் அது மகிழ்ச்சியால் வந்தது என்பதால் குற்றமன்று. மகளை "வாடா கண்ணா" என்று அழைக்கும் தாய் பால் மயங்கிப் பேசுகிறாள். அவளை யாரும் திருத்துவதில்லை. அழைத்த குரலுக்கு, இன்னும் எழுந்திராத ஒருவர் "இதோ வந்துவிட்டேன்" என்று விடை சொல்வது காலமயக்கம். விரைவைக் காட்டுவதால் அதுவும் அமைதி பெறுகிறது.

இதில் என்னை மிகவும் கவர்வது, ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஒரு காரணம் பெயர் சொல்லிக் கூறப்பட்டிருப்பது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு, விரைவு, மிகுதி, தெளிவு என்று உள்ளத்தின் நிலைகளே இலக்கணத்தின் சொற்களாக நிற்கின்றன. 'புலவர் எழுதினார், ஆகவே சரி' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இன்று நாம் எழுதும் உரைநடைக்கும் இதே உரைகல் போதும். உடைந்த வாக்கியம் ஒன்றைச் சுட்டி, "இது இங்கே ஏன் உடைந்தது?" என்று கேளுங்கள். "சினத்தால்", "துயரம் தொண்டையை அடைத்ததால்", "சொல்ல வந்ததைச் சொல்லத் துணியாததால்" என்று ஒரு காரணம் விடையாக வந்தால் அது வழுவமைதி, அதாவது காரணம் கருதி ஏற்கப்படும் வழு. "வாக்கியம் நீண்டுவிட்டது, தொடக்கத்தை மறந்துவிட்டேன்" என்பதே விடையானால் அது வழு, திருத்திவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். சொற்கள் இடம் மாறி நிற்பது தடம் மாறுவது ஆகாது. "வந்தார் அவர்" என்பதில் வரிசைதான் மாறியிருக்கிறது. எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை. செய்யுளில் மொழிமாற்று, கொண்டுகூட்டு என்று பொருள்கோள் வகைகளைப் பேசுவதெல்லாம், சிதறிக் கிடக்கும் சொற்களை மீண்டும் சேர்த்தால் முழு வாக்கியம் கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கையில்தான். தடம் மாறிய வாக்கியத்தை எப்படிக் கூட்டினாலும் ஒரு சொல் துணையின்றி மிஞ்சும், அல்லது ஓர் இடம் வெறுமையாக இருக்கும்.

தமிழில் ஏன் இது எளிதில் நேர்கிறது

தமிழ் வாக்கியத்தில் முற்று கடைசியில் வருகிறது. எழுவாயை முதலில் வைத்துவிட்டு, காலம், இடம், காரணம், அடைமொழி, எச்சங்கள் அனைத்தையும் நடுவில் அடுக்கி, எல்லாக் கடனையும் இறுதிச் சொல்லில் தீர்க்கிறோம். இடைவெளி நீள நீள, என்ன கடன் வாங்கினோம் என்பது மறந்துபோகிறது. எழுதுபவரின் நினைவில் கடைசியாக நிற்பது அண்மையில் எழுதிய பெயர்ச்சொல். முற்று அதற்கு இணங்கி வந்துவிடுகிறது. இன்னொரு காரணம் கணினியில் எழுதுவது. ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுப் பின்னர் அதன் தொடக்கத்தை மட்டும் மாற்றுகிறோம். 'உறுப்பினர்கள் முடிவு செய்தனர்' என்று இருந்ததைக் 'குழு' என்று மாற்றியவர் முற்றைத் தொடாமல் விட்டால் 'குழு முடிவு செய்தனர்' என்று நிற்கும். தாளில் எழுதிய காலத்தில் அடித்தல் கண்ணில் பட்டு எச்சரித்தது. திரையில் ஒட்டுத் தெரிவதில்லை. திருத்திய வாக்கியத்தை மட்டும் மறுபடி தலையிலிருந்து கால்வரை படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் பழக்கம் ஒன்றே இவ்வகைப் பிழைகளில் பாதியைத் தடுத்துவிடும்.

அடிக்கடி உடையும் இடங்கள்

முதலாவதும் முதன்மையானதும் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். 'வந்து', 'பார்த்து', 'எடுத்து' போன்ற இந்த எச்சத்தைச் செய்தவர் யாரோ, அவரேதான் முற்று வினையையும் செய்ய வேண்டும் என்பது பழைய விதி. "நெடுநேரம் காத்திருந்து பேருந்து வந்தது" என்றால் காத்திருந்தது பேருந்து என்றாகிறது. "விண்ணப்பத்தைச் சரிபார்த்து மூன்று பிழைகள் தெரிந்தன" என்றால் பிழைகளே விண்ணப்பத்தைச் சரிபார்த்தன. திருத்துவது மிக எளிது. 'காத்திருந்த பிறகே பேருந்து வந்தது', 'சரிபார்த்தபோது மூன்று பிழைகள் தெரிந்தன' என்று எச்சத்தின் வடிவை மாற்றினால் போதும். 'செய', 'செய்தால்', 'செய்தபோது', 'செய்த பிறகு' ஆகிய வடிவங்கள் வேறொரு வினைமுதலையும் தாங்கும். 'செய்து' அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

ஆனாலும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு வீசக் கூடாது. "மாடு கால் ஒடிந்து விழுந்தது" என்பதில் ஒடிந்தது கால், விழுந்தது மாடு. உறுப்பின் வினை உறுப்பை உடைய முதலோடு முடியலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. "ஞாயிறு பட்டு வந்தான்" என்றால் ஞாயிறு பட, அதாவது கதிரவன் மறைய, வந்தான் என்று பொருள் கொள்வதும் மரபு ஒப்பியதே. "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று நாம் இன்றும் இயல்பாகச் சொல்கிறோம். முன்னது காரணமாகப் பின்னது விளைந்தது என்பது கேட்டவுடன் விளங்குவதால் அங்கே யாருக்கும் தடுமாற்றமில்லை. வாசகர் ஒரு கணம் தவறான ஆளைச் செய்பவராக நினைத்துப் பின்வாங்க நேர்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. நேர்ந்தால் மாற்றுங்கள்.

இரண்டாவது இடம் 'காரணம்' என்னும் சொல். "அவர் கூட்டத்துக்கு வராததற்குக் காரணம் என்னவென்றால், உடல்நிலை சரியில்லாத காரணத்தால் அவர் வரவில்லை." இதை நாளும் கேட்கிறோம், படிக்கிறோம். 'காரணம் என்னவென்றால்' என்று தொடங்கியவர், காரணத்தைப் பெயராகச் சொல்லி முடிக்காமல், புதிதாக ஒரு காரண வாக்கியத்தைத் தொடங்கி, சொன்ன செய்தியையே மறுபடி சொல்லி முடிக்கிறார். "அவர் வராததற்குக் காரணம் உடல்நலக் குறைவு" என்றோ, "உடல்நிலை சரியில்லாததால் அவர் வரவில்லை" என்றோ ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஏனென்றால்' என்று தொடங்கி 'என்பதால்தான்' என்று முடிப்பதும் இதன் உடன்பிறப்பே.

மூன்றாவது, பிறர் கூற்றைச் சொல்லும் இடம். "அவர் நான் நாளை வருவதாகச் சொன்னார்" என்பதில் நாளை வரப்போகிறவர் யார்? 'நான்' என்பது நேர்கூற்றுக்கு உரியது. 'வருவதாக' என்பது அயற்கூற்றுக்கு உரியது. "'நான் நாளை வருவேன்' என்று அவர் சொன்னார்" அல்லது "தாம் நாளை வருவதாக அவர் சொன்னார்" என்று எழுதினால் ஐயம் தீரும். 'தான்', 'தாம்' என்னும் சொற்களை இன்றைய உரைநடை கைவிட்டு வருவது எனக்கு வருத்தம் தருவது. இந்த ஒரு வேலைக்காகவேனும் அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்து, இணைந்து வர வேண்டிய சொற்கள். 'மட்டுமல்லாமல்' என்று ஒரு பக்கத்தை ஏற்றினால் மறுபக்கமும் அதே வேற்றுமையில் வர வேண்டும். "நூலகம் புத்தகங்களை மட்டுமல்லாமல் இதழ்களும் உள்ளன" என்னும் தொடர் இரண்டு வாக்கியங்களின் பாதிகளை ஒட்டியது. "நூலகத்தில் புத்தகங்கள் மட்டுமல்லாமல் இதழ்களும் உள்ளன" என்பது ஒரே வாக்கியம். "யார் முதலில் வருகிறார்களோ" என்று தொடங்கினால் 'அவர்கள்' வர வேண்டும். "எந்த அளவுக்கு" என்று கேட்டால் "அந்த அளவுக்கு" என்று விடை வேண்டும். எண் மயக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'மரங்கள் விழுந்தது' என்பது பேச்சில் இயல்பு. எழுத்தில் 'விழுந்தன' என்று எழுதிவிடுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை

வாய்விட்டுப் படித்தால் பிழை தெரியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓசைக்கும் நடைக்கும் அது நல்ல வழி. தடம் மாறிய வாக்கியத்துக்கு அது போதாது என்பதே என் பட்டறிவு. பேச்சில் இத்தகைய உடைவுகள் நிறைந்திருப்பதால் காது அவற்றுக்குப் பழகிவிட்டது. குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து ஒட்டுப் போட்டுவிடும். எனவே இதற்குக் காதை நம்பாமல் விரலை நம்புங்கள்.

முற்றின் மேல் விரலை வையுங்கள். "யார்?" அல்லது "எது?" என்று கேளுங்கள். விடையாக வரும் சொல், வாக்கியத்தின் தொடக்கத்தில் நீங்கள் எழுவாயாக வைத்த சொல்தானா என்று பாருங்கள். பிறகு ஒவ்வோர் எச்சத்தின் மேலும் விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே பின்னோக்கி நகருங்கள். தமிழில் கடன் இறுதியில் தீர்வதால், கணக்கையும் இறுதியிலிருந்து பார்ப்பதே முறை.

ஒரு தொடரை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். "சென்ற ஆண்டு தொடங்கப்பட்ட இந்த வாசகர் வட்டம், ஒவ்வொரு மாதமும் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர்கள் அதை வீட்டில் படித்துவிட்டு, கடைசி ஞாயிறு அன்று கூடித் தங்கள் கருத்துகளைச் சொல்லும்போது, புதியவர்களுக்கும் பேசும் துணிச்சல் வந்திருப்பதற்குக் காரணம், யாரும் யாரையும் இடைமறிக்கக் கூடாது என்ற விதியை முதல் கூட்டத்திலேயே வகுத்துக்கொண்டதால்தான்." இதை வேகமாகப் படித்தால் எல்லாம் விளங்குவது போலவே இருக்கும். விரலை வைத்தால் தெரியும். இறுதியில் 'வகுத்துக்கொண்டதால்தான்' நிற்கிறது. அதற்கு முன் 'காரணம்' நிற்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு ஆட்கள். 'சொல்லும்போது' யார்? உறுப்பினர்கள். 'படித்துவிட்டு' யார்? உறுப்பினர்கள். 'தேர்ந்தெடுத்து' யார்? வட்டம். அங்கே எழுவாய் சத்தமின்றிக் கைமாறியிருக்கிறது. கடைசியில் 'வாசகர் வட்டம்' என்னும் முதல் எழுவாய்க்கு வருகிறோம். அதற்கென்று ஒரு முற்றும் இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று உடைவுகள்.

பிரித்து எழுதுவது ஒரு வழி. "இந்த வாசகர் வட்டம் சென்ற ஆண்டு தொடங்கப்பட்டது. வட்டம் மாதம் ஒரு நூலைத் தேர்ந்தெடுக்க, உறுப்பினர்கள் அதை வீட்டில் படித்துவிட்டுக் கடைசி ஞாயிறு அன்று கூடித் தங்கள் கருத்துகளைச் சொல்கிறார்கள். யாரும் யாரையும் இடைமறிக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே விதி வகுத்துக்கொண்டதால், புதியவர்களுக்கும் பேசும் துணிச்சல் வந்திருக்கிறது." இரண்டாம் வாக்கியத்தைக் கவனியுங்கள். 'தேர்ந்தெடுத்து' என்பது 'தேர்ந்தெடுக்க' என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சிறு மாற்றத்தால் வட்டமும் உறுப்பினர்களும் ஒரே வாக்கியத்தில் தத்தம் வேலையோடு நிற்க முடிகிறது. நீண்ட வாக்கியம் எழுதுவது குற்றமில்லை. தமிழ் நீண்ட வாக்கியத்தை மிக அழகாகச் சுமக்கும் மொழி. எந்த எச்சம் எத்தனை பேரைத் தாங்கும் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லுமிடத்தில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு நூல் வலுவோடு தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவதை அது குறிக்கிறது. தற்செயலாகத் தடம் மாறிய வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொற்றொடரே நினைவுக்கு வரும்.

தெரிந்தே உடைப்பது

வேண்டுமென்றே உடைக்கும் முறைகளில் தமிழுக்கு மிக இயல்பானது, சொல்லாமல் நிறுத்துவது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலான எச்சவியல், எஞ்சி நிற்கும் பொருளைத் தரும் சொற்களைப் பத்தாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று ஒழியிசை. அதற்கு 'கூரியதோர் வாள் மன்' என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். வாள் கூர்மையானதுதான், ஆனால் என்ன ஆயிற்று என்பது சொல்லப்படவில்லை. 'மன்' என்னும் ஓரிடைச்சொல் அந்தச் சொல்லாத பாதியைச் சுமந்து நிற்கிறது. இன்று அந்த வேலையைத் 'தான்' செய்கிறது. "நல்ல மனிதர்தான்…" என்று ஒருவர் நிறுத்தினால் மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். இப்படி நிறுத்தும்போது மீதியை வாசகர் ஊகிக்க வேண்டிய குறிப்பு முன்னாலேயே இருக்க வேண்டும். குறிப்பில்லாத முப்புள்ளி வெறும் புள்ளிதான்.

வேற்றுமை உருபோடு நிறுத்துவது இன்னும் கூர்மையானது. "உன்னை…" என்று ஒருவர் பல்லைக் கடித்து நிறுத்தும்போது, இரண்டாம் வேற்றுமை ஒரு வினையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த வினை வராமல் இருப்பதுதான் அச்சுறுத்துகிறது. லத்தீன் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் முதல் காண்டத்தில் கடல் தெய்வம் அடங்காத காற்றுகளைப் பார்த்து, "உங்களை நான்—" என்று தொடங்கி, முதலில் அலைகளை அடக்குவதே நல்லது என்று திரும்பிவிடுகிறது. லத்தீனிலும் அங்கே நிற்பது செயப்படுபொருள் வேற்றுமைதான் என்பது வியப்புக்குரிய பொருத்தம். 'உன்னை அடிப்பேன்' என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 'உன்னை…' என்பதற்கு எல்லையில்லை. எனவே அச்சுறுத்தலை எழுதும்போது வினையை நீக்குங்கள்; உருபை விட்டுவைங்கள்.

உடைத்துவிட்டு வேறு வழியில் தொடங்குவது மற்றொரு முறை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் தன் மூத்த மகள்கள் இருவரையும் பார்த்து, உங்கள்மீது எப்படிப் பழிதீர்ப்பேன் என்றால் உலகமெல்லாம்… என்று தொடங்கி, அதை முடிக்க முடியாமல், செய்வேன், என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது என்று தடுமாறுகிறான். அவனுடைய ஆட்சி கைவிட்டுப் போனதை அந்த இலக்கண முறிவே காட்டிவிடுகிறது. 'மன்னன் நிலைகுலைந்து பேசினான்' என்று பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். இதைக் கடைப்பிடியுங்கள்: வாக்கியத்தை உடைத்தால், அது உடைந்தது என்று சொல்லாதீர்கள்.

வினையெச்சங்களை அடுக்கி முற்றுத் தராமல் விடுவது தமிழுக்கே வாய்த்த ஒரு கருவி என்று நினைக்கிறேன். "அவ்வளவு தூரம் நடந்து வந்து, கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி அழைத்து, திண்ணையில் உட்கார்ந்து…" என்று நிறுத்தினால், ஒவ்வோர் எச்சமும் அடுத்ததைக் கேட்டு, கடைசி எச்சம் வெறுமையைக் கேட்டு நிற்கிறது. கதவு திறக்கவில்லை என்று எழுத வேண்டியதே இல்லை. மூன்று அல்லது நான்கு எச்சங்கள் போதும். ஆறு, ஏழு என்று போனால் வாசகர் முற்றையே மறந்துவிடுவார்; மறந்ததை இழந்ததாக உணர முடியாது.

இடம் மாறுவதும் உண்டு. இரங்கலுரையில் ஒருவர், "அவர் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் கொடுத்தார், கொடுத்தீர்கள், ஐயா" என்று படர்க்கையில் தொடங்கி முன்னிலையில் முடித்தால், கூட்டத்தை நோக்கிப் பேசியவர் நடுவில் இறந்தவர் பக்கம் திரும்பிவிட்டார் என்பது தெரிகிறது. இதை ஓர் உரையில் ஒருமுறைதான் செய்யலாம். இரண்டாம் முறை அது உத்தியாகத் தெரிந்துவிடும்.

எங்கே செய்யக் கூடாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். விதிகள், ஒப்பந்தங்கள், மருந்து உட்கொள்ளும் முறை, தேர்வு வினாக்கள் ஆகியவற்றில் ஒரு வாக்கியம்கூட உடையக் கூடாது. இரண்டு விதமாகப் படிக்க இடம் தந்தால் அங்கே யாராவது துன்பப்படுவார்கள்.

எவ்வளவு உடைக்கலாம் என்பதற்கு என் அளவு இது. சுற்றியுள்ள வாக்கியங்கள் உறுதியாக நின்றால்தான் ஓர் உடைவு உடைவாகத் தெரியும். எனவே உடைவுக்கு முன்னும் பின்னும் எளிய, முற்றுப் பெற்ற, குறுகிய வாக்கியங்களை வையுங்கள். முறிவிடத்தைக் கோட்டாலோ முப்புள்ளியாலோ காட்டுங்கள். பழைய ஓலைச் சுவடிகளில் இன்றுள்ள நிறுத்தக்குறிகள் இல்லை, ஆகவே பழையவர்கள் இடைச்சொற்களைக் கொண்டு செய்ததை நாம் குறிகளைக் கொண்டும் செய்கிறோம். இரண்டையும் ஒருசேரப் போட வேண்டியதில்லை.

பேச்சை எழுத்தாக்கும்போது

நேர்காணலை எழுத்தில் இறக்குபவர்களுக்கு இது நாள்தோறும் எழும் சிக்கல். பேசுபவர் ஒவ்வொரு மூன்றாம் வாக்கியத்திலும் தடம் மாறுவார். அனைத்தையும் அப்படியே எழுதினால் அவர் குழப்பமானவராகத் தெரிவார். அனைத்தையும் சரிசெய்தால் அவர் குரல் போய்விடும். நான் கடைப்பிடிப்பது இதுதான்: செய்தி சொல்லும் இடங்களில், அதாவது ஆண்டு, நிகழ்ச்சி, வேலை பற்றிப் பேசும் இடங்களில், உடைவுகளைத் திருத்திவிடுவேன். இழப்பு, அச்சம், பெருமிதம், வெட்கம் பற்றிப் பேசும் இடங்களில் கை வைக்க மாட்டேன். ஐயம் வந்தால் ஒலிப்பதிவை மறுபடி கேட்டு, உடைந்த இடத்தில் மூச்சு நின்றதா என்று பார்ப்பேன். மூச்சு நின்றிருந்தால் உடைவும் இருக்கும்.

ஒருமுறை, ஓர் அம்மையார் வெளியூர் சென்ற தம் மகனுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்த கையெழுத்துப் படி ஒன்று மெய்ப்புக்கு வந்தது. அதில் ஒரு வரி: "நீ போனதிலிருந்து வீடு, நான் இப்போதெல்லாம் கூடத்தில் விளக்குக்கூடப் போடுவதில்லை." பழகிய கையோடு 'வீடு' என்பதற்கு ஒரு பயனிலை சேர்த்து, "நீ போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, நான் இப்போதெல்லாம் கூடத்தில் விளக்குக்கூடப் போடுவதில்லை" என்று திருத்தி அனுப்பினேன். வாக்கியம் இலக்கணப்படி நிறைவாக இருந்தது. திரும்பி வந்த தாளில் என் சேர்க்கையின் மேல் ஒரு கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்தில் 'இருக்கட்டும்' என்று ஒரு சொல். அதன் பிறகு நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவருக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு வினையும் கிடைக்கவில்லை. ஆகவே விளக்கைப் பற்றிச் சொன்னார். நான் சேர்த்த 'வெறிச்சோடி' யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய சொல்.

அன்றுமுதல் இரண்டு பழக்கங்களை வைத்திருக்கிறேன். உடைந்த வாக்கியம் ஒன்றைத் திருத்துமுன், திருத்திய வடிவத்தைத் தனியே எழுதி, மூலத்தின் அருகில் வைத்து, எது அதிகம் சொல்கிறது என்று பார்ப்பேன். திருத்தியது அதிகம் சொன்னால் அதையே ஏற்பேன். பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது. என் சொந்த எழுத்தில் தெரிந்தே உடைத்த வாக்கியம் இருந்தால், அச்சுக்கோப்பவரும் அடுத்த மெய்ப்பாளரும் நல்ல மனத்தோடு அதைச் சரிசெய்துவிடாமல் இருக்க, அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் 'இருக்கட்டும்' என்று எழுதி அனுப்புகிறேன்.